பின்னால் எடுக்கக் கூடாத வண்டி

பிற்பகல் மூன்று மணி நாற்பத்திரண்டு நிமிடம். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவது என் போனில் இருக்கும் ஒரு படத்தால்தான். நசுங்கிய எலுமிச்சம்பழம், அதன்மேல் ஏறி நிற்கும் அகலமான கறுப்பு டயர், டயரின் ஓரத்தில் வழிந்த குங்குமம். என் மகளுடைய புது வண்டி குலசாமி கோயில் வாசலிலிருந்து முன்னோக்கி நகர்ந்த முதல் அடியை நான் படம் எடுத்தேன். அதன் மேலே அந்த நேரம் பதிவாகியிருக்கிறது. அதற்கு அடுத்த படம் நாலு நாள் கழித்துப் பள்ளியில் எடுத்தது. இடையில் ஒன்றும் இல்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகள் நன்றாக இருக்கிறாள். பெங்களூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். வண்டியும் ஓடுகிறது. யாருக்கும் காயம் இல்லை. எனக்குத்தான் மாடியில் தொட்டி நிரம்பி வழியும் சத்தம் கேட்டால் நெஞ்சு ஒரு முறை நின்று, பிறகு அடிக்கிறது. எழுதி வைத்தால் குறையும் என்று கூட வேலை பார்க்கும் ஆசிரியை ஒருத்தி சொன்னாள். குறைகிறதா என்று தெரியவில்லை.

நடந்ததைச் சொல்வதற்கு முன் இரண்டு வண்டிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மகளின் வண்டிக்கு எஸ்.யூ.வி. என்றுதான் பெயர். பார்க்க உயரமாக, காடு மேடு எதிலும் ஏறிவிடும் என்பது போல நிற்கும். உண்மையில் அது வேகத்துக்காகச் செய்தது. முன்னூறு குதிரைத் திறனுக்கு மேல். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட ஐந்து விநாடி போதும் என்றாள். எதற்கு என்று கேட்டேன். "வேணும்னா இருக்கட்டும்மா" என்றாள். அவளோடு வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு போகும்போது விற்றது. ஒரு வருடம் ஓடிய வண்டி, எங்களுக்குப் புதுசு. ஓசூரிலிருந்து தர்மபுரி வரும் நெடுஞ்சாலையில் ஒரு முறை எனக்கு அந்த ஐந்து விநாடியைக் காட்டினாள். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடித் திறந்தபோது முன்னால் போன லாரி பின்னால் இருந்தது. அவளைத் திட்டினேன். ஆனால் அந்த இருக்கை என் இடுப்பு வலிக்கு அவ்வளவு இதமாக இருந்தது. தர்மபுரி வந்து சேர்ந்த பிறகும் இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்று, என் கொழுந்தனாரிடம் இருக்கும் ஜீப். ஏதோ ஓர் அரசுத் துறை கழித்துப் போட்டதை என் மாமனார் ஏலத்தில் எடுத்தது. கதவு கிடையாது, படுதாதான். பின்னால் உட்கார்ந்தால் தரைத் தகட்டில் இருக்கும் ஓட்டை வழியாக ரோடு ஓடுவது தெரியும். கல்யாணமான புதிதில் அதில்தான் பள்ளிக்கூடம் வரை கொண்டுவந்து விடுவார்கள். பிள்ளைகள் பார்க்கும்படி இறங்குவேன். சேலையில் எங்காவது கிரீஸ் ஒட்டியிருக்கும். எனக்கு அந்த ஜீப் எப்போதுமே பிடித்ததில்லை. அதன் சத்தமும் புகையும் இப்போதும் பிடிக்கவில்லை. ஏதோ பழசுக்கு ஏங்கி எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

மாமனாருக்குப் பிறகு ஜீப் கொழுந்தனாரிடம் போனது. அவர் பாப்பாரப்பட்டிக்கு உள்ளே தள்ளி எங்கள் ஊரிலேயே விவசாயம் பார்க்கிறார். தக்காளியும் பீன்ஸும் போட்டு, வயலுக்குள்ளிருந்தே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு மாரண்டஹள்ளி மண்டிக்குப் போவார். மழைக் காலத்தில் டிராக்டர் திணறும் இடத்தில்கூட அது வெளியே வந்துவிடும் என்பது அவருடைய பெருமை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது இரண்டு வண்டிகளுக்கும் ஒரு போட்டி நடந்தது, பேச்சில்தான். மகள் அப்போது வண்டியை வாங்கியிருக்கவில்லை. போனில் படம் வைத்திருந்தாள். கொழுந்தனார் இலையில் கையை வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"என்னா கண்ணு, நாலு சக்கரமும் இழுக்குமா இது?"

"இழுக்கும் சித்தப்பா. எந்தச் சக்கரத்துக்கு எவ்வளவு வேணும்னு அதுவே பாத்துக்கும்."

"அதுவே பாத்துக்கும்னா நீ என்னா பண்ணுவ?"

"பாட்டுக் கேப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "டயருல ரப்பரு ரெண்டு விரல் இருக்குது. கல்லு குத்துனா நேரா இரும்புக்குத்தான் போவும். இது ரோட்டு வண்டி கண்ணு. நம்ம பக்கம் கொண்டாந்தின்னா தார் ரோட்டோட நிறுத்திக்க."

"உங்க ஜீப்ப நான் ரிவர்ஸ்லயே முந்திடுவேன் சித்தப்பா."

அதற்கு அதிகமாகச் சிரித்தது அவர்தான். அதோடு விட்டிருக்கலாம். நான் இடையில் புகுந்தேன். "அந்த ஓட்டை இரும்ப எடைக்குப் போட்டுடுங்க தம்பி. அது தெருவுல வந்தா ஊரே எந்திரிச்சு உக்காருது. சத்தம் தாங்கல."

நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா வாங்குனதுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னார். கை கழுவ எழுந்து போனவர் திரும்பி வந்து உட்காரவில்லை.

எங்கள் வீட்டில் புது வண்டிக்குப் பூசை போடுவதென்றால் குலசாமியிடம்தான். அப்பாவோடு பிறந்தவர்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நாள் பார்த்தபோது, நான் கொழுந்தனாருக்குச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை அவருக்கு லோடு இருக்கும், எதுக்குத் தொந்தரவு" என்று கணவரிடம் சொன்னேன். கணவருக்குக் கண் அறுவை முடிந்து ஒரு வாரம். தூசியில் போகக் கூடாது என்று வீட்டில் இருந்தார். கட்டுப் போடாத கண்ணால் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பொங்கலன்று பேசியதற்கு நான் முகம் கொடுக்க வெட்கப்பட்டேன் என்பது அவருக்குத் தெரியும்.

ஆகவே மகளும் நானும் மட்டும் போனோம்.

எங்கள் முனியப்பன் கோயில் ஒரு காட்டோடையின் கரையில் இருக்கிறது. கரையோரமாக ஒரே ஒரு மண்பாதை. கோயில் முன்னால் ஒரு வண்டி நிற்கும் அளவுக்குத்தான் இடம். அதைத் தாண்டினால் பாதை சரிந்து ஓடைக்குள் இறங்கிவிடும். ஓடைக்குள் வளைந்து சென்று, இன்னொரு சரிவில் ஏறினால், வந்த பாதையிலேயே கோயிலின் எல்லைக்கல்லுக்கு வெளியே போய்ச் சேரலாம். இந்த வளைவு வழி எதற்கு என்றால், பூசை முடிந்த வண்டி எல்லைக்கல்லைத் தாண்டும் வரை ஓர் அடிகூடப் பின்னால் போகக் கூடாது. அது எங்கள் கோயிலின் வழக்கம். மாட்டு வண்டிக் காலத்தில் தொடங்கியிருக்க வேண்டும். டிராக்டர், மொபெட், ஜீப் எல்லாமே அப்படித்தான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி, ஓடைக்குள் இறங்கி, வளைந்து மேலே வந்திருக்கின்றன.

பூசாரி வார நாட்களில் கொத்தனார் வேலை செய்பவர். எதையும் தாராளமாகப் பூசுவார். வண்டியின் நெற்றியில் சந்தனத்தை ஒரு கை அள்ளி அப்பினார். உடனே உள்ளே மணி அடித்து, முன்பக்க சென்சார் மறைந்துவிட்டது என்று திரையில் எழுத்து வந்தது.

"சாமியே கண்ணுக்குத் தெரியலயாம் உங்க வண்டிக்கு" என்றார் பூசாரி.

மகள் ஈரத் தாளை எடுத்துச் சந்தனத்தைத் துடைக்கப் போனாள். நான் கையைப் பிடித்தேன். கடைசியில் பூசாரியே ஒரு விரலால் பாதியை வழித்து, பாதியை விட்டார். திரையில் எழுத்து மறைந்தது. மூவரும் சிரித்தோம். அதுவரைக்கும் நல்ல நாள்தான்.

நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தாகிவிட்டது. மகள் ஏறி உட்கார்ந்து, ஓடைச் சரிவை எட்டிப் பார்த்தாள்.

"மா, இதுல இறங்க வேணாம். பழத்து மேல ஒரு அடி முன்னால ஏத்திட்டு, அப்படியே ரிவர்ஸ்ல போயிடறேன். நாலு பக்கமும் கேமரா இருக்கு. ஒரு நிமிஷ வேலை."

"பின்னால எடுக்கக் கூடாது."

"எடுத்தா என்ன ஆகும்?"

"கூடாதுன்னா கூடாது. உங்க தாத்தாவோட ஜீப்பே இதுல போயி வந்திருக்கு. முன்னூறு குதிரைங்கற, நாலு சக்கரமும் அதுவே பாத்துக்கும்ங்கற. பாத்துக்கட்டும்."

இதைச் சொன்னது நான். ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். வருடந்தோறும் அழுத்தம் என்ற பாடத்தில், மணலில் ஒட்டகம் ஏன் புதைவதில்லை என்று கரும்பலகையில் படம் போடுகிறவள். ஆனாலும் எனக்கு ஒரு பயம் இருந்தது. அவள் தினமும் அந்த நெடுஞ்சாலையில் போகிறவள். எதையாவது மீறி, அதனால் ஏதாவது ஆகிவிட்டால் என்று. அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் அவளை ஓடைக்குள் அனுப்பினேன்.

"போன வாரங்கூட டிராக்டரு போச்சுங்க" என்றார் பூசாரி.

பழம் நசுங்கியது. படம் எடுத்தேன். மூன்று நாற்பத்திரண்டு.

வண்டி சரிவில் அழகாக இறங்கியது. ஓடைக்குள் இருபது அடி போயிற்று. பிறகு நின்றது. அவள் கொஞ்சம் அழுத்தினாள். நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் மணலைப் பின்னால் வீசின. வண்டி முன்னால் போகவில்லை, கீழே போனது.

பார்த்தால் விஷயம் எளிது. மேலே காய்ந்து வெடித்த மண், அதன் அடியில் ஈர மணல். போன வாரம் போன டிராக்டர் இரண்டு ஆழமான தடத்தை வெட்டிவிட்டு, நடுவில் மேடு ஒன்றை விட்டிருந்தது. ஜீப்பாக இருந்தால் அந்த மேட்டுக்கு மேல் வயிறு படாமல் போயிருக்கும். இந்த வண்டியின் வயிறு அந்த மேட்டின் மேல் உட்கார்ந்துவிட்டது. எடை இரண்டு டன்னுக்கு மேல். சக்கரத்துக்குப் பலம் இருந்தது, நிற்கத் தரை இல்லை. அவள் அழுத்த அழுத்த, வண்டியே சக்கரம் வழுக்குகிறது என்று கண்டுபிடித்துப் பலத்தைக் குறைத்தது. அதை நிறுத்த ஒரு பொத்தான் இருந்தது. நிறுத்தினாள். இன்னும் ஆழமாகப் போனது.

இறங்கி, கையால் மணலைத் தோண்டினோம். பூசாரி கல்லும் வேப்பங்கிளையும் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். மூன்று முறை முயன்று பார்த்தோம். கிளைகள் பின்னால் பறந்தன. ஊருக்குள் இருந்த ஒரே டிராக்டர் பென்னாகரம் பக்கம் உழவுக்குப் போயிருந்தது. பூசாரி மெதுவாகக் கேட்டார், "உங்க கொழுந்தனாரு வரலீங்களா? அவரு ஜீப்பு இருந்தா ஆவும்."

அந்த இடத்தில் போன் எடுக்காது. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறினால் எடுக்கும். ஏறினேன். அவர் பெயரைத் தொடுவதற்கு முன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு மணி பன்னிரண்டு.

"சொல்லுங்க அண்ணி." பின்னால் மண்டியின் இரைச்சல், யாரோ விலை கூவும் சத்தம்.

சொன்னேன். பூசை என்று சொன்ன இடத்தில் என் குரல் தடுமாறியது. ஏன் சொல்லவில்லை என்று கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

"எங்க நிக்குது? சரிவ ஒட்டியா, வளைவுலயா?"

"சரிவு தாண்டி இருபது அடி தம்பி."

"மல மேல எப்பிடி இருக்குது, பாருங்க."

திரும்பிப் பார்த்தேன். எங்கள் தலைக்கு மேல் நல்ல வெயில். மேற்கே மலை உச்சி கன்றிப்போன மாதிரி கறுத்திருந்தது. அதுவரை நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"கறுப்பா இருக்குது."

"கண்ணு வண்டிக்குள்ள இருக்குதா?"

"ஆமா."

"மொதல்ல அத மேல ஏத்துங்க. வண்டி கெடக்கட்டும். நான் கெளம்பிட்டேன்."

பாறையிலிருந்து இறங்கி ஓடினேன். கரையில் நின்று, சித்தப்பா வருகிறார், நீ மேலே வா, வண்டி கிடக்கட்டும் என்றார் என்று கத்தினேன். அந்தப் பெயரை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"அவருகிட்டயா சொன்ன?" என்றாள். முகம் சிவந்துவிட்டது. "ஏம்மா? பொங்கலுக்கு அவ்வளவு பேசிட்டு, இப்ப அவரு வந்து இத இப்படிப் பாக்கணுமா? அவரு வர்றதுக்குள்ள எடுத்துடறேன்."

"வேணாம், மேல வா."

"ஒரே ஒரு தடவ."

கதவைச் சாத்திக்கொண்டாள். சேறு தெறிக்கிறது என்று கண்ணாடியையும் ஏற்றினாள். அந்த வண்டியில் கண்ணாடியை ஏற்றிவிட்டால் வெளியே என்ன நடந்தாலும் கேட்காது. வாங்கியபோது அதையும் ஒரு சிறப்பாக என்னிடம் சொல்லியிருந்தாள்.

நாலு இருபத்தைந்துக்குத் தண்ணீர் வந்தது. அலையாக வரவில்லை. வளைவுக்கு அப்பால் காய்ந்த இலைகள் நகரும் சத்தம் போல ஒன்று கேட்டது. பிறகு பழுப்பு நிறத்தில் ஒரு விரிப்பு, முனையில் நுரையும் சருகும். கணுக்கால் அளவுதான். சாவகாசமாக வந்தது. நான் கத்தினேன். பூசாரி துண்டை வீசினார். அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நேர் முன்னால் பார்த்தபடியே இருந்தாள். அவள் திரும்பியபோது எனக்கும் வண்டிக்கும் நடுவில் தண்ணீர் முழங்கால் அளவு ஓடியது. எங்கள் பக்கம்தான் பள்ளம்.

அவள் கதவைத் திறந்து ஒரு காலை வைத்தாள். கால் முழங்கால் வரை மணலுக்குள் போனது. நான் இறங்கப் போனேன். பூசாரி என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"எறங்க வேணாம்னு சொல்லுங்க டீச்சர். காலுக்கடியில மணல அரிச்சுக்கிட்டுப் போவுது. வண்டி மேல ஏறச் சொல்லுங்க."

கூரையில் கண்ணாடி இருந்தது. அது திறந்தது. அவள் அதன் வழியாக ஏறி, கூரைமேல் காலை மடக்கி உட்கார்ந்தாள். மணலில் ஒன்று போய், காலில் ஒரு செருப்பு மட்டும் இருந்தது.

பூசாரி கரையோரம் ஒரு குச்சியை நட்டார். தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க. அதற்குப் பிறகு நான் பார்த்தது இரண்டுதான், அந்தக் குச்சியும் என் மகளும்.

வண்டிக்குள் ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. வண்டியை நிறுத்தும்போது பின்னால் சுவர் நெருங்கினால் அடிக்குமே, அந்த பீப் சத்தம். தண்ணீர் தொட்டதை அது ஏதோ இடிக்கப் போகிறது என்று எண்ணிக்கொண்டது. நாலு பக்கமும் ஏதோ நெருங்குகிறது என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அது சொன்னது சரிதான். அவள் குனிந்து அதை நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள்.

"மா, நீ உக்காரு. கால் வலிக்கும்" என்று கத்தினாள்.

நான் உட்காரவில்லை. நிற்கிற நேரத்தில் என் புத்தி என்ன செய்தது என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. கணக்குப் போட்டது. ஜீப்பின் எடை இதில் பாதிதான் இருக்கும். டயர் ஒடுக்கம், ஆனால் உயரம் அதிகம், வயிறு மேலே. அதில் வேகம் கிடையாது. சாலையில் அறுபதுக்கு மேல் போனால் உடம்பே உதறும். ஆனால் மெதுவாகப் போகத் தெரியும். மனிதன் நடக்கும் வேகத்துக்கும் குறைவாக, நின்றுவிடாமல். இந்த வண்டிக்கு வேகமாகப் போக நூறு வழி தெரியும். இது நல்ல வண்டி, அது நல்ல வண்டி என்பதில்லை. இடையில் நின்று, அது போன வழியில் இது போகும் என்று சொன்ன ஆள்தான் தப்பு. ஒப்பிட்டது தப்பில்லை, எதோடு எதை ஒப்பிட்டேன் என்பதுதான் தப்பு. எத்தனை குதிரை என்று பார்த்தேன். எங்கே நிற்கும் என்று பார்க்கவில்லை. இதே தவற்றை விடைத்தாளில் ஒரு பிள்ளை செய்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

தண்ணீர் சக்கரத்தின் நடுவைத் தொட்டது. குச்சியில் ஒரு விரல் ஏறியது. பிறகு இன்னொரு விரல். கொழுந்தனார் வர வேண்டிய வழியை மனதுக்குள் எண்ணினேன். மாரண்டஹள்ளியிலிருந்து பாலக்கோடு வந்து, அங்கிருந்து பாப்பாரப்பட்டி, பிறகு இந்த மண்பாதை. மண்டியில் ஏற்றிய பெட்டியை இறக்கியிருப்பாரா, வழியில் ஏதாவது ஊர்வலம் மறித்திருக்குமா, அந்த ஜீப் வழியில் நின்றுபோயிருக்குமா. வழியில் நிற்பது அதற்குப் புதிதில்லை. நான் முனியப்பனிடம் எதுவும் வேண்டிக்கொள்ளவில்லை. என்ன சொல்லி வேண்டுவது என்று தெரியவில்லை. அவருக்குப் பயந்துதானே அவளை அங்கே இறக்கியிருந்தேன்.

ஐந்து மணிக்குச் சில நிமிடம் கழித்து ஒரு சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் மகளுக்குத்தான் கேட்டது. கூரைமேல் தலையை நிமிர்த்தினாள். தகரமும் டீசலும் சேர்ந்து இருமுகிற அந்தச் சத்தம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தே வந்தது. பொங்கலன்று எதைத் தாங்க முடியவில்லை என்றேனோ, அதே சத்தம். பூசாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொழுந்தனார் ஜீப்பை எல்லைக்கல்லுக்கு அருகில் திருப்பி, கோயில் வரைக்கும் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தார். பின்னால் தக்காளிப் பெட்டிகள் அப்படியே இருந்தன. விற்காமல் கிளம்பி வந்திருக்கிறார். இறங்கி, முதலில் ஓடையைப் பார்த்தார், பிறகு கூரைமேல் இருப்பவளை, பிறகு குச்சியை.

"ஏறுதா?"

"கால் மணி நேரமா அங்கயேதான் நிக்குதுங்க" என்றார் பூசாரி.

"பெட்டிய இறக்கட்டுங்களா?" என்று பூசாரியே கேட்டார்.

"வேணாம். பொறத்தால கனம் இருந்தாத்தான் புடிக்கும்."

டயர் அகன்று மணலில் புதையாமல் இருக்க, ஒரு குச்சியால் ஜீப்பின் நாலு டயரிலும் காற்றைப் பாதி இறக்கிவிட்டார். நாலு சக்கரமும் இழுக்கும்படி, இருக்கைக்குப் பக்கத்தில் இருந்த சின்ன லிவர் இரண்டையும் தள்ளினார். ஜீப் பின்பக்கமாகவே சரிவில் இறங்கி, தண்ணீரின் ஓரத்தில் சக்கரம் நனைய நின்றது. இதெல்லாம் அவசரம் இல்லாமல் நடந்தது. எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"மொதல்ல அவளக் கூட்டிக்கிட்டு வாங்க தம்பி. வண்டி போனாப் போவட்டும்."

"எறங்குனா மணலு கால விடாதுங்க அண்ணி. வண்டியோட வர்றதுதான் கெட்டி. கவுறு கட்டிட்டா, அப்பறம் தண்ணி தூக்குனாலும் ஜீப்பு விடாது."

நைலான் கயிற்றின் ஒரு முனையை ஜீப்பின் கொக்கியில் மாட்டி, இன்னொரு முனையை இடுப்பில் சுற்றிக்கொண்டு இறங்கினார். தொடை வரை தண்ணீர். ஓர் அடி வைத்து, நின்று, அடுத்த அடி. வண்டியின் பின்பக்கத்தைத் தொட்டதும் கையால் தடவித் தேடினார்.

"எங்க கண்ணு கட்டறது? அல்லாம் பிளாஸ்டிக்கா இருக்குது."

மகள் கூரை வழியாக உள்ளே இறங்கி, பின்னால் தவழ்ந்துபோய், தரைப் பலகையைத் தூக்கி ஓர் இரும்புக் கொக்கியை எடுத்து ஜன்னல் வழியாகக் கொடுத்தாள். பம்பரில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதைப் பெயர்த்து, கொக்கியைத் திருகினார். கயிற்றைக் கட்டி, முழு உடம்பையும் சாய்த்து இழுத்துப் பார்த்தார். பிறகு காலால் வண்டியின் அடியில் துழாவினார்.

"நடு மேடு கரைஞ்சிருச்சு. தண்ணி நமக்கு வேலைய மிச்சம் பண்ணிக் குடுத்திருக்குது" என்றார், அவளிடமா என்னிடமா தெரியவில்லை.

ஓட்டுநர் ஜன்னலுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அவள் இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டிருந்தாள். இஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பீப் சத்தமும் நிற்கவில்லை. அவளுடைய கை கியர் மேல் போய் அப்படியே நின்றது. திரும்பிக் கரையில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"சித்தப்பா, எல்லைக்கல்லு தாண்டாம பின்னால எடுக்கக் கூடாதுன்னு அம்மா..."

எதையும் நம்பாதவள். அந்த நேரத்தில் எனக்காகக் கேட்டாள். கையை மட்டும் ஆட்டினேன். அதற்கு என்ன பொருள் என்று எனக்கே தெரியாது.

கொழுந்தனார் என்னைப் பார்த்தார், பிறகு கோயிலைப் பார்த்தார். ஈரக் கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"ரிவர்ஸ்லயே என்னைய முந்துவேன்னு சொன்ன இல்ல கண்ணு? போடு ரிவர்ஸ. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்."